ஐந்து டாலர் பங்கும் ஒரு காலி உறையும்: மார்க்கஸ் கார்வியின் கதை

1923-இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில் அரசுத் தரப்பு ஒரு தபால் உறையைச் சாட்சியமாகக் காட்டியது. உள்ளே கடிதம் இல்லை, வெறும் உறைதான். மேலே ‘பிளாக் ஸ்டார் லைன்’ என்ற கப்பல் கம்பெனியின் முத்திரை. முகவரியில் பென்னி டேன்சி என்ற பெயர். அவர் பென்சில்வேனியா ரயில் நிலையத்தில் துப்புரவு வேலை பார்த்தவர், அந்தக் கம்பெனியில் பங்கு வாங்கியவர். உறைக்குள் என்ன வந்தது என்று கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை.

இந்த உறையை வைத்துத்தான் மார்க்கஸ் கார்விக்கு ஐந்து ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அப்போது அவர் அமெரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் ஆப்பிரிக்காவிலும் கிளை விட்டிருந்த ஓர் இயக்கத்தின் தலைவர். கறுப்பின மக்களிடையே அவ்வளவு பெரிய வெகுஜன இயக்கம் அதற்கு முன் இருந்ததில்லை. மோசடிக்காரர் என்றார்கள் சிலர், தீர்க்கதரிசி என்றார்கள் சிலர். அவர் நடத்திய வியாபாரம் உண்மையிலேயே உருப்படாத வியாபாரம். ஆனாலும் அதில் பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் தாங்கள் ஏமாந்ததாக நினைக்கவில்லை. இந்த இரண்டும் எப்படி ஒன்றாக நின்றன என்பது புரிந்தால் கார்வி பாதி புரிந்த மாதிரி.

அவர் பிறந்தது 1887 ஆகஸ்ட் 17 அன்று, ஜமைக்காவின் வட கரையில் உள்ள செயின்ட் ஆன்ஸ் பே என்ற சிற்றூரில். அப்பா கொத்தனார். கல் வேலை செய்கிறவர்தான் என்றாலும் வீட்டில் சொந்தமாக ஒரு நூலகம் வைத்திருந்தார். பிறந்த பதினோரு பிள்ளைகளில் வளர்ந்து ஆளானவர்கள் மார்க்கஸும் ஒரு சகோதரியும் மட்டும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாதிரியாரின் மகளோடு சேர்ந்து விளையாடி வளர்ந்த பையன் அவர். பதினாலு வயதானபோது அந்தப் பெண்ணை எடின்பரோவுக்குப் படிக்க அனுப்பினார்கள். அவனுக்குக் கடிதம் எழுதக் கூடாது என்று, கறுப்பினத்தவரை இழிவு செய்யும் சொல்லால் அவனைக் குறிப்பிட்டுச் சொல்லி அனுப்பினார்களாம். மனிதர்களுக்கு நடுவே இப்படி ஒரு கோடு இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது என்று கார்வியே பின்னாளில் எழுதினார். (அன்று ‘நீக்ரோ’ என்பதை அவர் வெட்கமில்லாமல், வேண்டுமென்றே பெருமையோடு பயன்படுத்தினார். இங்கே அந்தச் சொல் வருமிடங்கள் எல்லாம் அந்தக் காலத்துச் சொல்லாகவே வருகின்றன.)

பள்ளிப் படிப்பு சீக்கிரம் முடிந்தது. ஞானத் தந்தையின் அச்சகத்தில் தொழில் பழகி, கிங்ஸ்டனுக்குப் போய் அச்சகத்தில் ஃபோர்மேன் ஆனார். அங்கே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஃபோர்மேன் முதலாளி பக்கம் நிற்பதுதான் வழக்கம். இவர் தொழிலாளர் பக்கம் போனார், வேலை போயிற்று. 1910 வாக்கில் பிழைப்புத் தேடிக் கோஸ்டா ரிக்கா போய், யுனைடெட் ஃப்ரூட் கம்பெனியின் வாழைத் தோட்டத்தில் டைம்கீப்பராகச் சேர்ந்தார். ஜமைக்காவிலிருந்து கூலிக்கு வந்தவர்கள் காடு வெட்டியும் காய்ச்சலில் விழுந்தும் கிடப்பதைத் தினமும் பார்த்தார். பிரிட்டிஷ் குடிமக்களாயிற்றே என்று அங்கிருந்த பிரிட்டிஷ் தூதரகத்திடம் முறையிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. இந்தக் கம்பெனியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் திரும்பவும் வரும்.

1912-இல் லண்டன் போனார். துசே முகமது அலி என்ற எகிப்தியப் பின்னணி கொண்டவர் நடத்திய பத்திரிகையில் எடுபிடி வேலை, மிச்ச நேரத்தில் படிப்பு. அடிமையாகப் பிறந்து கல்வி நிறுவனம் கட்டிய புக்கர் டி. வாஷிங்டனின் தன்வரலாற்றை அங்கேதான் படித்தார். படித்து முடித்ததும் மனத்தில் எழுந்த கேள்விகளைப் பிறகு எழுதி வைத்திருக்கிறார். கறுப்பு மனிதனின் அரசாங்கம் எங்கே, அவனுக்கு ராஜா எங்கே, தூதர் எங்கே, தரைப்படை கடற்படை எங்கே? தேடினேன், கிடைக்கவில்லை, சரி, நானே உண்டாக்குகிறேன் என்று முடிவு செய்தாராம். கையில் காசில்லாத 26 வயது அச்சுத் தொழிலாளியின் முடிவு இது. ஊருக்குத் திரும்பும் கப்பலிலேயே சங்கத்துக்குப் பெயர் யோசித்துவிட்டார். 1914 ஜூலையில் கிங்ஸ்டனில் வந்து இறங்கிய ஐந்தாம் நாள் அகில உலக நீக்ரோ முன்னேற்றச் சங்கம் தொடங்கப்பட்டது. கூட நின்றவர் ஏமி ஆஷ்வுட் என்ற பதின்வயதுப் பெண். பிறகு அவர்தான் முதல் மனைவி.

ஜமைக்காவில் சங்கம் பெரிதாக எடுபடவில்லை. 1916 மார்ச்சில் நியூயார்க் வந்தார். அந்நகரின் கறுப்பினக் குடியிருப்புப் பகுதியான ஹார்லெமில் பேசிய முதல் கூட்டத்தில் மேடையிலிருந்து கீழே விழுந்ததுதான் மிச்சம். ஆனால் காலம் அவருக்குச் சாதகமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுகளை விட்டுக் கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் வடக்கு நகரங்களுக்கு வந்துகொண்டிருந்தார்கள். 1917 ஜூலையில் ஈஸ்ட் செயின்ட் லூயிஸில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பினக் குடியிருப்புகளைக் கொளுத்தின. முதல் உலகப் போரில் ஜனநாயகத்துக்காகச் சண்டை போட்ட கறுப்பினச் சிப்பாய்கள் ஊர் திரும்பிய 1919 கோடையில் சிகாகோ, வாஷிங்டன் என்று நகரம் நகரமாக இனக் கலவரம். சீருடையோடு வந்தவர்களையே அடித்துக் கொன்றார்கள். ‘பொறு, படி, உழை, அவர்கள் மனம் மாறுவார்கள்’ என்ற பழைய அறிவுரையைக் கேட்க அந்த நேரத்தில் யாருக்கும் பொறுமை இல்லை. வெள்ளையரின் மனமாற்றத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், நமக்கென்று கடை, தொழிற்சாலை, கப்பல், நாடு எல்லாம் நாமே கட்டுவோம் என்று ஒருவர் சொன்னபோது கூட்டம் கூடியது.

1918-இல் ‘நீக்ரோ வேர்ல்ட்’ வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். ஆங்கிலத்தோடு ஸ்பானிய, பிரெஞ்சுப் பக்கங்களும் உண்டு. (பிற்காலத்தில் இதன் ஆசிரியராக இருந்தவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த ஹுச்சேஷ்வர் முத்கல்.) காலனி அரசுகள் பல இதைத் தடை செய்தன, கப்பல் மாலுமிகள் கடத்திக்கொண்டு போனார்கள். 1921 வாக்கில் கென்யாவில் இது எப்படிப் பரவியது என்று, அந்நாட்டு விடுதலைத் தலைவர் ஜோமோ கென்யாட்டா பின்னாளில் சொல்லியிருக்கிறார். படிக்கத் தெரிந்த ஒருவர் நடுவில் உட்கார்ந்து கட்டுரையை வாசிப்பார். சுற்றியிருப்பவர்கள் இரண்டு மூன்று தடவை கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு, ஆளுக்கொரு திசையாகக் காட்டுக்குள் ஓடி அடுத்த ஊர்களில் அப்படியே ஒப்பிப்பார்களாம்.

இனி கப்பலுக்கு வருவோம். 1919 ஜூனில் பிளாக் ஸ்டார் லைன் பதிவானது. வெள்ளையர்களின் புகழ்பெற்ற ‘ஒயிட் ஸ்டார் லைன்’ பெயருக்கு எதிர்ப்பாட்டு. ஒரு பங்கு ஐந்து டாலர், ஒருவர் 200 பங்குக்கு மேல் வாங்க முடியாது, கறுப்பினத்தவர் மட்டுமே வாங்கலாம். வீட்டு வேலை செய்த பெண்கள், ரயில் சுமைதூக்கிகள், கியூபாவில் கரும்பு வெட்டியவர்கள், பனாமாக் கால்வாயில் உழைத்தவர்கள் என்று முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாங்கினார்கள். ஏழரை லட்சம் டாலர் அளவுக்குப் பணம் சேர்ந்தது. கப்பல் கம்பெனி வெறும் ஆடம்பரக் கனவும் இல்லை. கரீபியன் வாழையும் தேங்காயும் சர்க்கரையும் யார் கப்பலில் போகிறதோ அவர்கள்தான் விலையைத் தீர்மானித்தார்கள். வாழைத் தோட்டத்தில் கணக்கெழுதியவருக்கு அது நன்றாகவே தெரியும். பயணம் போகிற கறுப்பினத்தவருக்கோ, காசு கொடுத்தாலும் மரியாதையான இடம் கிடைக்காது.

சிக்கல் என்னவென்றால் கார்விக்குக் கப்பல் தெரியாது. முதலில் வாங்கிய ‘யார்மவுத்’ அவர் பிறந்த அதே 1887-இல் கட்டப்பட்டது, போர்க்காலத்தில் நிலக்கரி ஏற்றியது. விலை 1,65,000 டாலர். 25,000 கூடப் பெறாது என்று பின்னால் கப்பல் தெரிந்தவர்கள் சொன்னார்கள். கார்வி நம்பி அமர்த்திய கேப்டன் ஜோஷுவா காக்பர்னே அந்தப் பேரத்தில் ரகசியமாகத் தரகு வாங்கியிருந்தார். 1920 ஜனவரியில், மதுவிலக்கு அமலுக்கு வரப்போகிற அவசரத்தில், ஒரு பெரும் விஸ்கிச் சரக்கைக் கியூபாவுக்கு ஏற்றிச் செல்ல ஒப்புக்கொண்டார்கள். சொற்பக் கூலிக்கு ஒப்பந்தம் போட்டு, அவசர அவசரமாக ஏற்றி, கரை தாண்டியதும் கப்பல் ஒரு பக்கம் சாயத் தொடங்கியது. சரக்கில் ஒரு பகுதியைக் கடலில் எறிந்தார்கள். இன்னொரு தடவை ஜமைக்காவிலிருந்து 700 டன் தேங்காய் ஏற்றிக்கொண்டு நியூயார்க் வர வேண்டும். வழியில் பங்கு விற்கும் கூட்டங்களுக்காகப் பிலடெல்பியா, பாஸ்டன் என்று கப்பலைத் திருப்பிவிட்டார் கார்வி. மேலே பேண்டு வாத்தியம், கீழே சரக்கறையில் தேங்காய் அழுகிக்கொண்டிருந்தது. நஷ்ட ஈடு தனி.

ஆனால் அதே ஓட்டைக் கப்பல் துறைமுகங்களில் நுழைந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். கேப்டனும் மாலுமிகளும் கறுப்பினத்தவர், கம்பெனியும் கறுப்பினத்தவருடையது என்று கேள்விப்பட்டு மத்திய அமெரிக்கத் தோட்டத் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். கியூபாவில் படகுகளில் பூவும் பழமும் கொண்டுவந்தார்கள். இந்தத் தேங்காய்க் கதையைச் சொன்னவர் ஹியூ முல்சாக், அந்தக் கப்பலில் அதிகாரியாக வேலை பார்த்தவர். கப்பலோட்டத் தகுதிச் சான்று கையில் இருந்தும் வேறெந்தக் கம்பெனியும் அவருக்குத் தகுந்த வேலை தரவில்லை. கார்வியின் நிர்வாகத்தைக் கடுமையாகத் திட்டிய அவரே, 1942-இல் அமெரிக்க வணிகக் கப்பல் ஒன்றின் முதல் கறுப்பினக் கேப்டன்களில் ஒருவரானார். அந்தக் கப்பலின் பெயர் ‘புக்கர் டி. வாஷிங்டன்’.

மற்ற இரண்டு கப்பல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று ஹட்சன் ஆற்றில் உல்லாசப் பயணம் விடும் பழைய படகு, மற்றது எண்ணெய்க் கம்பெனிக் கோடீஸ்வரர் ஒருவரின் பழைய சொகுசுப் படகு. முதலாவது வீணாய்க் கிடந்தது, இரண்டாவது கொதிகலன் கோளாறோடு தவழ்ந்து தவழ்ந்து கியூபாவில் கைவிடப்பட்டது. யார்மவுத் கடைசியில் 1,625 டாலருக்கு விற்கப்பட்டது.

இயக்கத்தின் உச்சம் 1920 ஆகஸ்ட். ஒரு மாத மாநாடு. ஹார்லெமின் லெனாக்ஸ் அவென்யூவில் மைல் கணக்கில் ஊர்வலம், சீருடை அணிந்த ஆப்பிரிக்கப் படையணி, வெள்ளை உடையில் கறுஞ்சிலுவைச் செவிலியர். மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் 25,000 பேர். இறகு வைத்த தொப்பியும் ராணுவ உடுப்புமாகக் கார்வி. அந்தப் புகைப்படங்களைப் பார்த்து அன்று பலர் சிரித்தார்கள், இன்றும் சிரிக்கலாம். ஆனால் கவர்னர்களும் வைஸ்ராய்களும் அதே இறகுத் தொப்பியோடு பாதி உலகத்தை ஆண்ட காலம் அது, அவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அந்த மாநாட்டில்தான் உரிமைப் பிரகடனம் ஒன்று நிறைவேறியது. சிவப்பு, கறுப்பு, பச்சைக் கொடி ஏற்கப்பட்டது. கார்வி ‘ஆப்பிரிக்காவின் தற்காலிக ஜனாதிபதி’யாகத் தேர்வானார். பிரகடனத்தில் ஒரு கோரிக்கை, ‘நீக்ரோ’ என்ற சொல்லின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக அச்சிட வேண்டும் என்பது. பெரிய எழுத்தே இல்லாத தமிழில் வாசிக்கும் நமக்கு இது சில்லறை விஷயமாகப் படலாம். அச்சுக் கோத்து வளர்ந்தவருக்குத் தெரியும், ஆங்கிலத்தில் ஊருக்கும் நாட்டுக்கும் மனிதருக்கும் பெரிய எழுத்து, பொருளுக்கும் விலங்குக்கும் சின்ன எழுத்து.

‘ஆப்பிரிக்காவுக்குத் திரும்பு’ என்று ஒரே வரியில் இவரைச் சுருக்கிவிடுகிறார்கள். எல்லோரும் மூட்டை கட்டிக் கிளம்ப வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஆப்பிரிக்காவில் பலமான ஒரு கறுப்பின அரசு இருந்தால்தான் உலகின் எந்த மூலையிலும் கறுப்பினத்தவரைத் தொட யோசிப்பார்கள் என்பது அவர் கணக்கு. லைபீரியாவில் குடியேற்றத்துக்கு ஏற்பாடு நடந்தது, ஆட்கள் போனார்கள். 1924-இல் லைபீரிய அரசு கதவைச் சாத்தியது. இரண்டு ஆண்டுகளில் அதே நாட்டில் ஃபயர்ஸ்டோன் டயர் கம்பெனிக்கு ரப்பர் பயிரிடப் பத்து லட்சம் ஏக்கர் குத்தகைக்குக் கிடைத்தது. ஆப்பிரிக்காவின் ஜனாதிபதி என்று பட்டம் சூடியவர் கடைசி வரை ஆப்பிரிக்க மண்ணில் கால் வைக்கவே இல்லை.

இதற்குள் அரசு அவரை வளைக்க ஆரம்பித்திருந்தது. அமெரிக்க நீதித் துறையில் அப்போதுதான் மேலே வந்துகொண்டிருந்த இளைஞர் ஜே. எட்கர் ஹூவர், 1919-லேயே ஒரு குறிப்பு எழுதினார்: இவரை நாடு கடத்த வழி செய்யும் கூட்டாட்சிச் சட்டம் எதையும் துரதிர்ஷ்டவசமாக இவர் இன்னும் மீறவில்லை. துரதிர்ஷ்டவசமாக! முதலில் ஆளை முடிவு செய்துவிட்டுக் குற்றத்தைப் பிறகு தேடினார்கள். நீதித் துறையின் கீழ் இருந்த புலனாய்வுத் துறையில் சேர்க்கப்பட்ட முதல் கறுப்பின ஏஜெண்ட் ஜேம்ஸ் வார்ம்லி ஜோன்ஸ், சேர்க்கப்பட்டதே கார்வியின் சங்கத்துக்குள் உளவு பார்க்கத்தான். 1922 ஜனவரியில் தபால் மூலம் மோசடி செய்ததாகக் கார்வி கைதானார்.

எதிரிகளுக்கு அடுத்த ஆயுதத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். 1922 ஜூனில் அட்லாண்டா போய், வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் கிளானின் தலைமைப் பொறுப்பில் இருந்த எட்வர்ட் யங் கிளார்க்கைச் சந்தித்தார். கறுப்பினத்தவரைத் தூக்கில் தொங்கவிட்ட கும்பலோடு பேச்சுவார்த்தை. வெளிப்படையான வெறுப்பு பாசாங்கான நட்பை விட மேல் என்று காரணம் சொன்னார். என் பார்வையில் அந்தக் காரணம் எடுபடாது. இரண்டு இனங்களும் கலக்காமல் தனித்தனியாக இருக்க வேண்டும் என்ற புள்ளியில் அவரும் அவர்களும் ஒத்துப்போனார்கள் என்பதுதான் உள்விஷயம். அவர் சிந்தனையிலேயே இருந்த கோணல் அது. கலப்பினத் தலைவர்களை நிறத்தைச் சொல்லியே இழிவாகப் பேசியதும் இதன் தொடர்ச்சிதான். எதிர்முகாமும் சளைக்கவில்லை. கறுப்பின அறிஞரும் தலைவருமான டு பாய்ஸ் அவரைப் பைத்தியம் அல்லது துரோகி என்று எழுதினார். கறுப்பினத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் குழுவினர் ‘கார்வி வெளியேற வேண்டும்’ என்று இயக்கம் நடத்தினார்கள். சங்கத்திலிருந்து நீக்கப்பட்ட ஜேம்ஸ் ஈசன் 1923 தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸில் சுடப்பட்டு இறந்தார், வழக்கில் சாட்சி சொல்ல இருந்தவர். கைதான சங்கத்தினர் மறுவிசாரணையில் விடுதலையானாலும் கறை படிந்துவிட்டது.

விசாரணை மே மாதம் தொடங்கியதும் கார்வி தன் வக்கீலை அனுப்பிவிட்டுத் தானே வாதாடினார். வக்கீலோ குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லியிருந்தார். சாட்சிகளிடம் நீண்ட பிரசங்கமாகக் கேள்வி கேட்டு நீதிபதி ஜூலியன் மேக்கைச் சலிக்க வைத்தார். அரசுத் தரப்பின் வலுவான புள்ளி ஒரு விளம்பரப் படம். கம்பெனிக்குச் சொந்தமாகாத ‘ஓரியன்’ என்ற கப்பலின் படத்தில் ‘ஃபிலிஸ் வீட்லி’ என்று பெயர் எழுதிப் பிரசுரித்திருந்தார்கள். வாங்கப் பேச்சு நடந்தது உண்மை, முன்பணமும் போயிருந்தது, கப்பல் வரவில்லை. இந்த மாதிரி விளம்பரத்தைத் தபாலில் அனுப்பியிருந்தால் அது கூட்டாட்சிக் குற்றம். அனுப்பியதற்கு அத்தாட்சிதான் டேன்சியின் காலி உறை. நான்கு பேர் மீது வழக்கு. கம்பெனி நிர்வாகத்தை உடனிருந்து பார்த்த மூன்று பேரும் விடுதலை, கார்விக்கு மட்டும் ஐந்து ஆண்டு. தோல்விக்கு நீதிபதி யூதர் என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லித் தன் தரப்பை மேலும் கெடுத்துக்கொண்டார்.

மேல்முறையீடு தோற்று 1925 பிப்ரவரியில் அட்லாண்டா சிறைக்குப் போனார். சுழற்காற்றில் என்னைத் தேடுங்கள் என்று தொண்டர்களுக்குச் செய்தி அனுப்பினார். பங்குதாரர்கள் அவருக்கு எதிராகத் திரண்டிருக்க வேண்டும் அல்லவா? மாறாக, விடுதலை கேட்டு மனுக்கள் குவிந்தன. 1927-இல் தண்டனையைக் குறைக்கச் சொல்லி ஜனாதிபதி கூலிட்ஜுக்கு எழுதிய அட்டர்னி ஜெனரல் ஜான் சார்ஜென்ட், இது மிக வினோதமான வழக்கு என்றார். கறுப்பின மக்களைக் காப்பாற்றுவதற்கென்று போட்ட வழக்கில், ஏமாற்றப்பட்டதாகச் சொல்லப்படும் மக்களே தாங்கள் ஏமாற்றப்பட்டதாக நம்பவில்லை, இந்தச் சிறைவாசத்தைத் தங்கள் இனத்தின் மீதான ஒடுக்குமுறையாகவே பார்க்கிறார்கள் என்று அந்தக் குறிப்பு சொல்கிறது. கார்வியைப் பற்றி எழுதப்பட்ட எந்தப் புகழுரையையும் விட இந்த அரசாங்கக் குறிப்பு கனமானது என்பேன். ஐந்து டாலர் கொடுத்த வேலைக்காரப் பெண் லாபப் பங்குக்காக மட்டும் அதைக் கொடுக்கவில்லை என்பது அட்டர்னி ஜெனரலுக்கே தெரிந்துபோயிற்று.

விடுதலை என்றால் நாடு கடத்தல். 1927 டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில், மழையில் குடை பிடித்து நின்ற கூட்டத்திடம் கப்பல் தளத்திலிருந்து கடைசியாகப் பேசினார். அவரை ஏற்றிச் சென்ற ‘சரமாக்கா’ யுனைடெட் ஃப்ரூட் கம்பெனியின் கப்பல்.

அப்புறம் நடந்தவை இறங்குமுகம். ஜமைக்காவில் கட்சி தொடங்கி, நீதிமன்ற அவமதிப்புக்காக மூன்று மாதம் சிறையிலிருந்து, உள்ளிருந்தபடியே கிங்ஸ்டன் மாநகராட்சி உறுப்பினர் தேர்தலில் ஜெயித்தார். 1935-இல் லண்டன். ஹைட் பார்க்கில் பெட்டி மேல் நின்று பேசுகிற அளவுக்கு வந்தது. எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசியைத் திட்டி எழுதியதில் மிச்சமிருந்த ஆதரவாளர்களும் விலகினார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே செலாசியைத் தெய்வமாகக் கும்பிட்ட ஜமைக்காவின் ராஸ்தாஃபாரிகள் கார்வியைத் தங்கள் தீர்க்கதரிசி என்றார்கள், இன்றும் சொல்கிறார்கள். 1940 ஜனவரியில் பக்கவாதம். மே மாதம், அவர் உயிரோடு இருக்கும்போதே இறந்துவிட்டதாகத் தவறான செய்தி பரவி இரங்கல் குறிப்புகள் அச்சேறின. காசில்லாமல் தனிமையில் போய்ச் சேர்ந்தார் என்ற தொனியில் எழுதியிருந்ததை அவரே படித்தார். ஜூன் 10 அன்று நிஜமாகவே இறந்தார், வயது 52. போர்க்காலம், உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோக முடியவில்லை.

அவர் விதைத்தது முளைத்த இடங்கள் எதிர்பாராதவை. பின்னாளில் கறுப்பினத் தலைவரான மால்கம் எக்ஸின் அப்பாவும் அம்மாவும் கார்வி சங்கத்தின் முழுநேர ஊழியர்கள் மாதிரி உழைத்தவர்கள், அந்தப் பேச்சைக் கேட்டே பையன் வளர்ந்தான். அமெரிக்காவில் மாணவராக இருந்தபோது கார்வியைப் படித்த க்வாமே இன்க்ருமா, 1957-இல் கானா விடுதலை பெற்றதும் கொடியின் நடுவே கறுப்பு நட்சத்திரம் வைத்தார், அரசின் கப்பல் கம்பெனிக்கு ‘பிளாக் ஸ்டார் லைன்’ என்றே பெயரிட்டார். கானா கால்பந்து அணி இன்றும் ‘பிளாக் ஸ்டார்ஸ்’தான். மன அடிமைத்தனத்திலிருந்து உன்னை நீயே விடுவித்துக்கொள் என்று ஜமைக்கப் பாடகர் பாப் மார்லி பாடிய வரி, 1937-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கார்வி பேசிய பேச்சிலிருந்து வந்தது. 1965-இல் ஜமைக்கா வந்த மார்ட்டின் லூதர் கிங், கொள்கையில் அவருக்கு நேர் எதிர்த் திசையில் நின்றவர், கார்வியின் நினைவிடத்தில் மலர்வளையம் வைத்தார்.

அந்த நினைவிடத்துக்கு அவர் உடல் லண்டனிலிருந்து வந்தது 1964-இல். ஜமைக்கா அவரைத் தன் முதல் தேசிய வீரராக அறிவித்தது. 2018-இல் தனிச் சட்டம் போட்டு, உள்நாட்டில் அவர் மேலிருந்த குற்றப் பதிவுகளையும் நீக்கியது. அமெரிக்கத் தீர்ப்பின் கறையைப் போக்க அவருடைய இளைய மகன், நியூயார்க்கில் அறுவைச் சிகிச்சை மருத்துவராக இருந்த ஜூலியஸ் கார்வி, பல ஆண்டுகள் அலைந்தார். அப்பா இறந்தபோது அவருக்கு வயது ஆறு. 2025 ஜனவரி 19, பதவியில் இருந்த கடைசி முழு நாளில், ஜனாதிபதி பைடன் மன்னிப்பில் கையெழுத்திட்டார். மகனுக்கு அப்போது வயது 91.